தாத்தாவுக்குக் காது நல்லாத்தான் கேட்குது!

இந்த வருட மலருக்குக் கவிதைகள் மூட்டை மூட்டையாக வந்திருப்பதாகக் கேள்வி. அதனால் நான் கவிதை எழுதவில்லை, நீங்கள் பிழைத்தீர்கள். எங்கள் வீட்டு டி.வி.யைப் பற்றி எழுதுகிறேன்.

விஷயம் சின்னதுதான். படம் ஓடும். கதாநாயகன் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து மெதுவாக ஏதோ சொல்வான். ஒன்றும் கேட்காது. வால்யூம் 20-லிருந்து 45-க்கு ஏறும். அடுத்த காட்சியில் நாலு சுமோ ஆகாயத்தில் பறக்கும். ஜன்னல் கண்ணாடி அதிரும். விடியற்காலை முதல் ஷிப்டுக்குப் போக வேண்டிய அப்பா எழுந்து வந்து ஒன்றும் பேசாமல் நிற்பார். மறுபடி 15. அம்மா படம் பார்ப்பதைவிட ரிமோட்டைப் பார்ப்பதுதான் அதிகம்.

தாத்தா மட்டும், "என்னடா சொன்னான்? என்னடா சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ரெண்டு தடவை சொல்வோம். மூணாவது தடவை, "ஒண்ணுமில்ல தாத்தா." கொஞ்ச நாளில் அவர் கேட்பதை நிறுத்தினார். அப்புறம் டி.வி. முன்னால் உட்காருவதையே நிறுத்திவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். வயசாச்சு, காது போச்சு என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டோம்.

இதில் முதல் குற்றவாளி நான். "நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிறே, என்ன பண்ணலாம் சொல்லு" என்று அப்பா கேட்டார். "டி.வி. ஸ்பீக்கர் வெறும் பத்து வாட்ஸ்ப்பா, அதான்" என்றேன், பெரிய இன்ஜினியர் மாதிரி. தீபாவளி போனஸில் 3,200 ரூபாய்க்கு ஊஃபரோடு ஒரு 2.1 செட் வந்து இறங்கியது. சுமோ முன்னைவிட நன்றாகப் பறந்தது. வசனம்? அதே கதைதான். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாம் லேபில் செமி-லாக் ஷீட் வைத்துக்கொண்டு ஃப்ரீக்வென்ஸி ரெஸ்பான்ஸ் வரைகிறோமே, 3 டி.பி. இறங்கும் இடத்தில் கோடு போடுகிறோமே, அந்த 3 டி.பி.க்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்கு வந்து யோசித்தோமா? வாட்ஸ் இரண்டு மடங்கானால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ். அதையும் கொடுத்தோம் என்றே வையுங்கள். ஆம்ப்ளிஃபயர் வசனத்தையும் வெடியையும் ஒரே மடங்கில்தான் பெருக்கும். இரண்டுக்கும் நடுவே 25 டெசிபல் வித்தியாசம் இருந்தால், பெருக்கிய பிறகும் அதே 25. ஊஃபர் கதை இன்னும் மோசம். பேச்சைப் புரியவைப்பது பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி. ஊஃபரோ அதற்கு ரொம்பக் கீழே உறுமிக்கொண்டு வசனத்தை அமுக்குகிறது. வயதானவர்களுக்கு முதலில் மங்குவது மேல் அதிர்வெண்கள். ஆக, தாத்தாவுக்கு எது குறைவாகக் கேட்குமோ அதை விட்டுவிட்டு, எது நன்றாகக் கேட்குமோ அதற்குக் காசு கொடுத்திருக்கிறேன்!

உண்மையான காரணம் வேறு இடத்தில் இருந்தது. ஒருநாள் லேப்டாப்பில் வி.எல்.சி. பிளேயரில் ஒரு படத்தைப் போட்டு, கோடெக் விவரத்தைத் திறந்து பார்த்தேன். 5.1 ஒலி. அதாவது ஆறு சானல். வசனம் பெரும்பாலும் நடு சானலில் இருக்கும். நம் வீட்டில் நடு ஸ்பீக்கர் ஏது? இடது, வலது இரண்டுதான். அதனால் ஆறையும் இரண்டாக மடிக்க வேண்டும். வழக்கமான கணக்கு இது: இடது ஸ்பீக்கருக்கு இடது சானல் முழுதாக, நடு சானல் 0.707 பங்கு, பின்பக்க இடது 0.707 பங்கு. கூட்டினால் 2.414. மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனால் அலையின் தலை வெட்டுப்படும் அல்லவா? அதைத் தவிர்க்கச் சில பிளேயர்கள் எல்லாவற்றையும் 2.414-ஆல் வகுத்துவிடும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், சுமார் 7.7 டெசிபல் போய்விட்டது! என்றோ ஒருமுறை வரப்போகும் வெடிக்காகப் படம் முழுக்க வசனம் சீலிங் ஃபேன் சத்தத்துக்கு அடியில் படுத்துக்கிடக்கிறது.

செய்தது இவ்வளவுதான். அதே படத்துக்கு ஸ்டீரியோ டிராக் இருந்தால் ஆடியோ மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டியின் ஆடியோ அவுட்புட்டை ஸ்டீரியோ பி.சி.எம். ஆக்கினேன். டி.வி. மெனுவில் நைட் மோடை ஆன் செய்தேன். பேஸைக் குறைத்தேன். லேப்டாப்பில் பார்க்கும்போது வி.எல்.சி.யின் கம்ப்ரெஸ்ஸர். (ஃபிரிட்ஜ் கம்ப்ரெஸ்ஸர் இல்லை நண்பர்களே! உரத்த ஒலியை அமுக்கி, மெல்லிய ஒலியை மேலே கொண்டு வருவது.) வால்யூமை 100-க்கு மேலே தள்ளுவது மட்டும் வேண்டாம், சி.ஆர்.ஓ.வில் ஓவர்டிரைவ் செய்த சைன் வேவ் தலை தட்டையாகி நிற்குமே, அதுதான் அங்கேயும் நடக்கும். மொத்தச் செலவு பூஜ்யம். பத்து நிமிஷம்.

விளம்பர இடைவேளை தனி ரோதனை. அங்கே உச்ச அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆனால் விளம்பரக்காரர்கள் கம்ப்ரெஸ் செய்து சராசரியை உச்சத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். காது உணர்வது சராசரியை. இதை அளக்கும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இலேயே வெளியிட்டது. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2010-இல் மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். என்று ஓர் எண்ணையே வைத்தது. விளம்பரம் நிகழ்ச்சியைவிட உரக்க இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2010-இல் சட்டம் போட்டு, 2012 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டிலும் 1994-ஆம் வருடத்துக் கேபிள் டி.வி. விதிகளில், விளம்பரம் அளவுக்கு மீறிச் சத்தமாக இருக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் டெசிபல் இல்லை. டெசிபல் இல்லாத விதியை எந்த மீட்டர் வைத்துப் பிடிப்பது?

என் அறைத்தோழன் சண்டைக்கு வந்தான். "டைரக்டர் பார்த்துப் பார்த்து வச்ச சவுண்டை நீ அமுக்குறே. அது தப்புடா." தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தால் அவன் சொல்வது முழுக்கச் சரி. அங்கே திரைப்பக்கச் சானல் ஒவ்வொன்றையும் 85 டெசிபலுக்கு அளந்து வைத்திருப்பார்கள், சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சும் பலகை. எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கை அறை, அதில் தூங்கும் ஓர் அப்பா. டைரக்டர் ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் அவரும் நைட் மோடைத்தான் போடுவார்.

எனக்கு ஆதங்கம் நம் மீதுதான். தெருவில் யார் வீட்டில் சத்தம் சரியில்லை என்றாலும் நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். நாமும் போய், ஒன்றையும் அளக்காமல், "புது ஸ்பீக்கர் போட்ருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வருகிறோம். எந்த டிராக் ஓடுகிறது, எங்கே மடிகிறது, எவ்வளவு குறைகிறது என்று பார்க்க ஒருத்தரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை. இந்த வருடம் டெக்னிக்கல் தினத்தில் வழக்கமான எல்.இ.டி. சேஸரோடு இதற்கும் ஒரு மேஜை போடலாம் என்பது என் கருத்து. ஒரு லேப்டாப், ஒரு சி.ஆர்.ஓ., ஒரே படத்தின் இரண்டு டிராக். மேஜைக்கு நான் பொறுப்பு.

தாத்தாவை அரசு ஆஸ்பத்திரியிலும் காட்டினோம். வயதுக்கு ஏற்ற குறை கொஞ்சம் உண்டு; அதற்கு நைட் மோட் மருந்து ஆகாது. ஆனால் நாங்கள் எழுதிய தீர்ப்பு தப்பு. இப்போது திண்ணையை விட்டு உள்ளே வந்துவிட்டார். படத்தில் யாராவது மெதுவாகப் பேசினால் எங்களுக்கு முன்னால் அவர்தான் சிரிக்கிறார். போன வாரம் என்னைப் பார்த்து, "எதுக்குடா இவ்ளோ சத்தம்? கொஞ்சம் குறை" என்றார்.

அந்த 2.1 செட் அட்டைப்பெட்டியோடு பரண் மேல் இருக்கிறது. பாதி விலைக்குத் தரத் தயார், மூன்றாமாண்டு இ.சி.இ. வகுப்பில் விசாரிக்கவும். பாட்டுக் கேட்க அருமையான செட். வசனம் கேட்கலைன்னு மட்டும் வாங்க வந்துடாதீங்க.