நாய் அறிந்த வீடு

ஒரு குடும்பத்தின் உண்மையை நாயின் வழியே சொல்ல இயலுமா? வெர்ஜீனியா வுல்ஃப் 1933இல் வெளியிட்ட ‘ஃப்ளஷ்’ என்னும் புதினம், இயலும் என்கிறது. ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பேரட்டின் வளர்ப்பு நாயான ஃப்ளஷின் பார்வையில் கதை நகர்கிறது. நோயுற்ற எலிசபெத், இலண்டன் வீட்டின் அறையொன்றில் அடைபட்டிருக்கிறார். பிள்ளைகள் மணம்புரிவதைத் தந்தை ஏற்பதில்லை.

காதல் கடிதங்களைப் படிக்க ஃப்ளஷால் இயலாது. ஆயினும், அவற்றிற்காகக் காத்திருக்கும் விரல்களின் மாற்றத்தைத் தீண்டலிலேயே அறிகிறது. கவிஞர் ராபர்ட் பிரௌனிங் அமர்ந்து சென்ற நாற்காலியை மோப்பத்தால் உணர்கிறது. அறைக்கு வரும் தந்தையோ எந்த மாற்றத்தையும் உணரவில்லை. 1846இல் எலிசபெத் மறைவாகப் பிரௌனிங்கை மணந்து, ஃப்ளஷுடன் இத்தாலிக்குச் செல்கிறார். தந்தை அவரை இறுதிவரை மன்னிக்கவில்லை.

கட்டளையிடத் தெரிந்தவருக்கு மகளின் மனம் தெரியவில்லை. சொல்லறியா உயிருக்குத் தெரிந்தது. உடன்வாழ்வோரை அறிவதற்கு அதிகாரம் உதவாது. கவனமே உதவும் என்பதே இப்புதினம் உணர்த்தும் அறம்.