வேலியும் பயிரும்

வேலியே பயிரை மேய்ந்தாற்போல, உடலைக் காக்க வேண்டிய வெண்குருதிக் கலங்களே கட்டுமீறிப் பெருகி அதனை அழிப்பது இரத்தப் புற்றுநோய். அதே குருதியிலுள்ள காவற் கலங்களைக் கொண்டே அந்நோயை வெல்லலாம் எனக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்க வைத்தியர் கார்ல் யூன்.

கடற்படை வைத்தியராயிருந்து எயிட்ஸ் நோயை ஆராய்ந்த காலத்தில், ‘ரி’ கலங்களை உடலுக்கு வெளியே பெருக்கும் வழியைத் தம் துணைவரோடு அவர் கண்டார். 2001இல் அவருடைய மனைவியார் புற்றுநோயால் இறந்தார். ஆயினும் ஆராய்ச்சி ஓயவில்லை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அவர் குழுவினர், நோய்க்கலத்தை இனங்காணும் பரம்பரையலகை ‘ரி’ கலங்களிற் புகுத்தி, 2010இல் மூன்று நோயாளருக்குச் செலுத்தினர். இருவருக்கு நோய் முற்றாகத் தணிந்தது.

2012இல், இருமுறை நோய் மீண்ட ஆறு வயதுச் சிறுமியொருத்திக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. கடுங்காய்ச்சலால் அவள் உயிர் ஊசலாடியது. இரத்தத்தில் ‘இன்ரலூக்கின்-6’ என்னும் பொருள் மிகுந்திருப்பதைச் சோதனை காட்டிற்று. அதனை அடக்கும் மருந்தொன்றை, மூட்டு நோயுற்ற தம் மகளின் பொருட்டு யூன் முன்னரே அறிந்திருந்தார். அதனைக் கொடுத்ததும் காய்ச்சல் தணிந்தது, சிறுமி பிழைத்தாள். 2017இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது.

தம் மகளுக்காக அறிந்தது பிறர் மகளைக் காத்தது. மாணவர்களே, கற்றது எதுவும் வீண்போவதில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?