மாட்டுக்கு இட்ட பூசணம்

'வீணாக்க வேண்டா, மாட்டுக்குப் போடு' என்னும் தொடரைக் கேளாத தமிழ் இல்லம் இல்லை எனலாம். மழையில் நனைந்து மக்கிய அரிசி, பச்சை படர்ந்த ரொட்டி, காறிப்போன கடலை ஆகிய யாவும் இத்தொடரின் துணையோடு அடுப்படியை விட்டு வெளியேறுகின்றன. உணவைக் குப்பையில் கொட்டுவது பாவம் என்னும் நல்லெண்ணமும், வாயில்லா உயிருக்கு ஈந்தோம் என்னும் மனநிறைவும் இதில் கலந்துள்ளன. தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் என விரியும் நம் தென்புறநகரில் அடுக்குமாடிகளுக்கு இடையேயும் கறவை மாடுகள் இன்னும் நடமாடுகின்றன. ஆதலின் இவ்வறத்திற்கு இங்கே வாய்ப்பு மிகுதி. ஆயினும் இஃது அறமன்று. நம் பிள்ளைகளின் பால் குவளைக்கே திரும்பி வரும் தீங்கு என்பது நம் கருத்து.

பூசணம் எல்லாம் நஞ்சன்று. இட்டிலி மாவைப் புளிக்கச் செய்வனவும் நுண்ணுயிர்களே. பெனிசிலின் தந்ததும் ஒரு பூசணமே. நாம் அஞ்சத்தக்கவற்றுள் முதன்மையானது 'அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்பது. வெப்பமும் ஈரமும் ஒருங்கே அமைந்த இடத்தில் அது நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, கொப்பரை, மிளகாய் ஆகியவற்றில் பற்றிப் படர்ந்து நஞ்சைச் சுரக்கும். பூசணத்தின் முதற்பெயரிலிருந்து ஓர் எழுத்தையும், இரண்டாம் பெயரிலிருந்து ஓர் அசையையும் எடுத்து, நஞ்சைக் குறிக்கும் சொல்லோடு புணர்த்து 'அஃப்ளாடாக்சின்' எனப் பெயரிட்டனர். (சொற்பிறப்பைக் கண்டால் விட மனமில்லாதது எம் தொழிலின் இயல்பு, வாசகர் பொறுத்தருள்க.)

இந்நஞ்சு உலகுக்கு அறிமுகமானதே தீவனத்தின் வழியாகத்தான். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கே காரணம் எனத் தெரிந்தது. மனிதர் மடிந்த வரலாறும் நம் நாட்டிலேயே உண்டு. 1974ஆம் ஆண்டின் இறுதியில் இராசஸ்தான், குசராத்து மாநிலங்களின் எல்லையோரப் பழங்குடிச் சிற்றூர்களில் மஞ்சட்காமாலையும் வயிற்று வீக்கமும் பரவின. அறுவடைக் காலத்து மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளமே அம்மக்களின் உணவு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி நோயுற்றோர் 397 பேர். இறந்தோர் 106 பேர். அவ்வீடுகளின் நாய்களும் அதே நோய்க்கு ஆளாயின. பூசணம் கண்ணுக்குத் தெரியாததன்று. அதை எறிந்துவிட்டு உண்ண வேறு தானியம் இல்லை என்பதே அவர்தம் அவலம்.

ஒரே வேளையில் கொல்லும் அளவு அரிது. சிறுகச் சிறுக நெடுநாள் உட்சென்று கல்லீரலில் புற்றுநோயை விளைவிப்பதே இதன் இயல்பு. பி வகைக் கல்லீரல் அழற்சி உடையோர்க்கு இவ்விடர் பன்மடங்காகும். வறுத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு முற்றும் அழிவதில்லை என்பதை நம் இல்லத்தார் அறிதல் வேண்டும். பூசணத்தைத் துடைத்துவிட்டால் உணவு தூய்மையாயிற்று என்பதும் வெறும் நம்பிக்கையே.

இனி, பாலுக்கு வருவோம். மாடு உண்ட நஞ்சில் நூற்றுக்கு ஒன்று முதல் ஆறு பங்கு வரை 'எம்1' என்னும் மாற்றுருவில் ஓரிரு நாளுக்குள் பாலில் இறங்குகிறது. மாடு நோயுற்றதாகத் தோன்றாது. ஆதலின் கறப்பவர்க்கு ஐயமே எழாது. காய்ச்சினாலும் அது போவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ஆம் ஆண்டு நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை ஆராய்ந்தது. அவற்றுள் 368 மாதிரிகளில் இந்நஞ்சு வரம்பை மீறியிருந்தது. எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் எது? தமிழ்நாடுதான்! 551 மாதிரிகளுள் 88. நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்போ 0.05. பத்து மடங்கு தளர்ந்த அளவுகோலிலும் நாம் தவறியுள்ளோம். கலப்படத்தைப் பற்றியே பேசிப் பழகிய செய்தித்தாள்கள் இவ்வெண்ணை ஒரு நாள் அச்சிட்டு மறந்தன.

மாடு வளர்ப்போர்மீது பழி சுமத்துவது எளிது. அதை நாம் ஏலோம். புறநகரில் இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவர் மலிந்த புண்ணாக்கைத்தான் வாங்க இயலும். நச்சுப் புண்ணாக்கும் நற்புண்ணாக்கும் கண்ணுக்கு ஒன்றே. ஈரத்தை மறைத்து விற்கும் வணிகம் எங்கே தொடங்குகிறதோ அங்கேயே அதைத் தடுத்தல் வேண்டும். மதீனத்துக் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்று வணிகர் விடையிறுத்தார். மக்கள் காணுமாறு ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நாயகம், ஏமாற்றுவோர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் உரைத்தார்கள். தானிய வாணிகத்திற்கு இதனினும் துல்லியமான சட்டவிதியை எவரும் எழுதிவிட முடியாது. இன்றைய கடைத்தெருவில் ஈரத்தை மேலே வைத்தலாவது, சோதனை முடிவை மூட்டையின்மேல் அச்சிடுதலே ஆகும்.

நம் வீட்டளவில் செய்யத்தக்கனவும் உள. 2015 திசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் மூழ்கியதை நாம் மறந்துவிடவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலையையும் பருப்பையும் மிகுதியாய் வாங்கிச் சேமிக்க வேண்டா. மூட்டையைத் தரையில் வையாது பலகைமேல் வைத்தல் நலம். சுருங்கியதும் நிறம் மாறியதும் கசப்பதுமாகிய கடலையைப் பொறுக்கி எறிக. எறிவதும் குப்பைக்கே, தொழுவத்திற்கு அன்று.

ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. தூய தீவனத்திற்கு மாற்றினால் சில நாட்களிலேயே பாலிலிருந்து இந்நஞ்சு நீங்கிவிடும். கறவை மாட்டுத் தீவனத்திற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். புண்ணாக்குக் கடையில் எடையையும் விலையையும் கேட்கும் நம் பால்காரர், இந்த மூன்றாம் எண்ணையும் கேட்கட்டும். அவர் கேட்கத் தயங்கினால், அவரிடம் பால் வாங்கும் நாம் உடன் சென்று கேட்போம்.