மலட்டு மாடா, மறந்துபோன கணக்கா?
மூணு தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லையா? உடனே மலட்டு மாடு என்று முத்திரை குத்தி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். கருப்பை நோய், சத்துக்குறைவு என்று காரணங்கள் உண்டுதான். ஆனால் ஊசி போட்ட நாளே தப்பாக இருந்தால்?

அதைச் சொல்லத்தான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இருக்கிறது. மாடு பருவத்தில் இருக்கும்போது இரத்தத்தில் இதன் அளவு மில்லி லிட்டருக்கு 1 நானோகிராமுக்கும் கீழே கிடக்கும். ஊசி போடும் அன்றைக்கே அளவு எகிறிக் கிடந்தால் மாடு பருவத்திலேயே இல்லை. அப்புறம் எங்கே சினை பிடிக்கும்? பழி மட்டும் மாட்டின் மேல்!

ஊசி போட்டு 21 முதல் 24 நாளுக்குள் அளவு இறங்கியிருந்தால் சினை இல்லை என்று அப்போதே தெரிந்துவிடும். (ஏறியிருந்தால் சினை உறுதி என்று அர்த்தமில்லை, அது வேறு கதை.) நம் ஊரிலோ கைவிட்டுப் பார்க்க இரண்டு மூன்று மாதம் காத்திருக்கிறார்கள். 21 நாளுக்கு ஒரு பருவம் என்றால் எத்தனை வாய்ப்பு போச்சு? அத்தனை நாள் தீவனச் செலவை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இத்தனைக்கும் இந்த ஹார்மோன் பாலிலும் வருகிறது, ஊசி குத்தி இரத்தம் எடுக்கவே வேண்டாம். கொழுப்பை அளந்து விலையைக் குறைக்கத் தெரிந்த பால் சங்கங்கள், அந்த ஒரு மாட்டின் பாலைத் தனியே வாங்கி இதையும் பார்த்துச் சொன்னால் என்ன?