குடிசைக்குள் இருந்தவர்கள்

1968 டிசம்பர் 25. கிறிஸ்து பிறப்பு விழா நாளின் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், இராமையாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். வயலில் உழைத்த அக்குடும்பங்கள் கூலியாகக் கேட்டது கூடுதலாய் அரைப்படி நெல்.

இக்கொடுமையைக் கருவாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' நாவல் 1977-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. அதைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் 1983-இல் இயக்கிய 'கண் சிவந்தால் மண் சிவக்கும்', சிறந்த அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. அத்துணிவைப் பாராட்டுகிறோம்.

ஆயினும், நாவல் கொலையின் காரணத்தை நிலக்கிழாரின் அந்தரங்கக் குறையில் தேடியது, கூலிப் போராட்டத்தைப் பின்னுக்குத் தள்ளியது என்று எதிர்ப்பு எழுந்தது. அதில் நியாயம் உண்டு. கொன்றவனின் மனத்தைத் துருவுவது கதைக்குச் சுவை கூட்டலாம்; அரைப்படி நெல்லை மறப்பதோ இறந்தோருக்கு இழைக்கும் இரண்டாம் அநீதி. பின்னாளில் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'இராமையாவின் குடிசை' ஆவணப்படம், அவ்வூர் மக்களையே பேச வைத்தது.

இத்தகைய துயரம் நமக்குத் தொலைவில் இல்லை. நம் மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் 2020-இல் தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு இறந்தனர். மில்லர்புரத்து இல்லங்களிலும் இன்று குற்றக் கதைகள் கைபேசியில் ஓடுகின்றன. பார்த்து முடித்ததும் நம் பிள்ளைகளிடம் கேட்போம்: "இறந்தவர்கள் யார்? எதற்காக இறந்தார்கள்?" விடை சொல்ல இயலாவிடில், அப்படம் நமக்குக் காட்டியது வெறும் வேடிக்கையே.