பேக்கப் கிடக்கட்டும், திரும்ப எடுக்க முடியுமா?

வீட்டுப் பொட்டிக்கு எந்த பேக்கப் மென்பொருள் நல்லது என்று யாராவது கேட்டால் போதும், பொட்டி தட்டுற கூட்டம் ஆரம்பித்துவிடும். டிஸ்க் இமேஜ், இன்கிரிமென்டல், கம்ப்ரெஷன்... (நானும் அந்தக் கூட்டம்தான் :) ) என்னைக் கேட்டால் முதல் கேள்வி வேறு. தொலைந்த ஃபைலை நாளைக்குத் தேடி எடுக்கப்போவது யார்?

எங்கள் வீட்டில் அது அப்பா. ஊரை விட்டு எங்களோடு புனேவில் இருக்கிறார். கிளௌகோமாவில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. நாங்கள் ஆபீஸ் போனபின் என்விடிஏ துணையோடு கணினியில் உட்காருவார். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கிய ஸ்கிரீன் ரீடர் அது. காசு கிடையாது, தமிழும் படிக்கும். அப்பாவின் பொக்கிஷம், மறைந்த அம்மா பாடிய பாட்டுகள், எம்பி3-யாக. அது போனால் திரும்பக் கிடைக்காது.

பளபளவென்று இருக்கும் பேக்கப் மென்பொருள்களின் லட்சணம் இங்கேதான் தெரியும். பட்டனுக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். டேப் கீயைத் தட்டத் தட்ட "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் கேட்கும். எது பேக்கப், எது ரீஸ்டோர்? பேக்கப் முடிந்ததா இல்லையா என்பதைப் பச்சை, சிவப்பு வட்டத்தில் காட்டுவார்கள். யாருக்கு?

ஆகவே என் பரீட்சை சுலபம். மானிட்டரை அணைத்துவிடுங்கள், மவுஸைக் கழற்றுங்கள். ஒரு ஃபைலை நீங்களே அழித்துவிட்டு (ஒரு காப்பி தனியாக இருக்கட்டும்!), கீபோர்டை மட்டும் வைத்து பேக்கப்பிலிருந்து எடுத்துப் பாருங்கள். முடியவில்லையா, அந்த மென்பொருள் நம் வீட்டுக்கு வேண்டாம்.

இதில் எனக்குத் தேறியது சாதாரண காப்பிதான். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பியை வைத்து ஒரு சின்ன பேட்ச் ஃபைல். டெஸ்க்டாப்பில் அதன்மேல் என்டர் தட்டினால் வேலை முடிந்தது. வெளி டிஸ்கில் இருப்பது அதே ஃபோல்டர், அதே பெயர். திரும்ப எடுக்க அப்பாவுக்குக் கைவந்த கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி போதும். மிரர் ஸ்விட்சை மட்டும் போட்டுவிடாதீர்கள், கணினியில் அழித்தது டிஸ்கிலும் அழிந்துவிடும்.

பழைய வடிவங்களும் வேண்டுமென்றால் விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி பரவாயில்லை. அதுவும் ஃபைல்களைப் பெயரோடு தேதி சேர்த்து சாதாரணமாகத்தான் வைக்கிறது. ஒரே கம்பெனியின் தனி வடிவத்தில் பூட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பலரும் நம்பியிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பையே 2024 தொடக்கத்தோடு முடித்துவிட்டார்கள்.

கிளவுட்? வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சிங்க் வேறு, பேக்கப் வேறு. இங்கே அழித்தால் அங்கேயும் போகும். குப்பைத்தொட்டியில் சில நாள் கிடக்கும், அவ்வளவுதான். டிஸ்கையும் எந்நேரமும் செருகியே வைக்காதீர்கள். 2017-ல் வானாக்ரை வந்தபோது செருகியிருந்த டிஸ்கில் இருந்ததையும் சேர்த்துத்தான் பூட்டியது.

நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை ஊரில் சித்தப்பா வீட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்வோம். ஒன்றில் மட்டும் ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கும். எது இங்கே இருக்கிறது என்று அப்பா தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார்.