புலியைப் படம் பிடிக்க லட்ச ரூபாய் கேமரா வேணுமா?



வண்டலூர் சுற்றுலா போய் வந்ததிலிருந்து நம்ம வகுப்பில் ஒரே பேச்சு. "நல்ல கேமரா இருந்தா அசத்தியிருக்கலாம்டா!" நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். தீபாவளி போனஸில் பெரிய கேமரா வாங்கித் தரச்சொல்லி அப்பாவிடம் அடம் பிடித்தேன்.

அப்பாவுக்கு சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை. மாமாவின் போனில் நான் எடுத்த புலிப் படத்தைப் பார்த்தார். "இது காலண்டருக்கு ஆகாதுடா. தீப்பெட்டி லேபிளுக்கு வேணா ஆகும்" என்றார். வீடே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏன் ஆகாது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 8க்கு 10 அங்குலப் படம் என்றால் 2400 x 3000, அதாவது 72 லட்சம் புள்ளி. மாமா போனில் 1 கோடியே 20 லட்சம் இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் நான் திரையில் விரலால் இழுத்து 4 மடங்கு பெரிதாக்கினேன். அந்தப் போனில் தூரத்துக்கென்று தனி லென்ஸ் கிடையாது. அதனால் அது படத்தை வெட்டத்தான் செய்கிறது. 16ல் ஒரு பங்குதான் மிச்சம். வெறும் 7.5 லட்சம்!

சரி, விலை கூடிய கேமரா வாங்கினால் போதுமா? அதுவும் இல்லை. வண்டலூரில் புலிக்கும் நமக்கும் நடுவே அகழி இருக்கிறது. 2 மீட்டர் நீளப் புலி 30 மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். புதுக் கேமராவோடு சாதாரணமாகக் கொடுக்கும் 18-55 லென்ஸை முழுசாக நீட்டினாலும், புலி படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்குதான் வரும். அதே கேமராவில் 300 லென்ஸ் போட்டால் கிட்டத்தட்ட படம் முழுக்கப் புலிதான். வடிவொத்த முக்கோணம் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள். ஆக, காசு போக வேண்டியது லென்ஸுக்கு. பழைய கேமராவே போதும்.

கம்பி வலைக்கும் வழி இருக்கிறது. தடுப்பைத் தாண்டாமல், எவ்வளவு கிட்டே நிற்கலாமோ அவ்வளவு கிட்டே நின்று, லென்ஸின் துளையை நன்றாகத் திறந்து, விலங்கு வலையை விட்டுத் தள்ளி வரும்வரை பொறுத்திருந்தால், வலை மங்கி மறைந்துவிடும். பாம்புக் கூண்டின் கண்ணாடியில் லென்ஸை ஒட்டி வைத்தால் நம்ம முகம் தெரியாது. பொறுமைக்கு விலை இல்லை நண்பர்களே!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சுற்றுலாவில் நம்மில் சிலர் ஃபிளாஷ் அடித்தோம், கண்ணாடியைத் தட்டினோம். ஃபிளாஷ் வெளிச்சம் சில மீட்டர் தாண்டினால் உதவாது. கண்ணாடியில் பட்டுப் படத்தையும் கெடுக்கும். அதைவிட, வெடிச் சத்தம் கேட்டால் நம்ம தெரு நாய் எங்கே போய் ஒளியுது என்று பட்டாசு ஊர்க்காரர்களான நமக்குத் தெரியாதா? கூண்டில் இருப்பதற்கு ஓடி ஒளியக்கூட இடம் கிடையாதே.

திருநெல்வேலியில் 1912ல் பிறந்த மா. கிருஷ்ணன், காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துப் புகழ் பெற்றவர். 1960ல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவர் பயன்படுத்திய கேமராக்களில் ஒன்று, வெவ்வேறு பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கியது. கடையில் இருந்த விலை உயர்ந்த பெட்டி அல்ல!

ஆகவே என் கருத்து இதுதான். ஒரு நாள் சுற்றுலாவுக்காகப் பெற்றோரைக் கடனாளி ஆக்க வேண்டாம். ஆளுக்கொரு கேமராவுக்குப் பதிலாக, பள்ளிக்கு ஒரு பழைய கேமராவும் ஒரு 300 லென்ஸும் இருந்தால் எல்லோரும் மாறி மாறிக் கற்றுக்கொள்ளலாம். ஆசிரியர்கள் யோசிக்க வேண்டுகிறேன்.

அப்பாவிடம், "கேமரா வேண்டாம்ப்பா. அடுத்த தடவை ஸ்டூடியோ அண்ணாச்சிகிட்ட ஒரு நாள் வாடகைக்கு லென்ஸ் கேட்டுத் தாங்க, போதும்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. போனஸ் அக்கா காலேஜ் ஃபீஸுக்குப் போனது. எனக்கு வருத்தமில்லை.

வாங்கும் முன் கணக்குப் போடுவோம்! படம் எடுக்கும் முன் பொறுமை காப்போம்!

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்